ஆங்கில ஆராதனையில் வேதபாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பைபிள் புத்தகங்களின் பெயர்களை ஆங்கிலத்தில் எப்படி உச்சரிப்பது?

தமிழ் ஆராதனையில் வளர்ந்து, வேலைக்காகவோ கல்யாணத்துக்காகவோ ஊர் மாறி, இப்போது ஆங்கில ஆராதனையில் மாட்டிக்கொண்டவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் பிறந்தவன். விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை 66 புத்தகங்களையும் மூச்சுவிடாமல் ஒப்பித்து எவர்சில்வர் தட்டு வாங்கினேன். அம்மா இன்னும் அதில்தான் அப்பளம் வைக்கிறார். அந்தத் தைரியம்தான் 1996இல் என்னைக் கவிழ்த்தது. பெங்களூரில் வேலை தேடி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. நான் எழுந்து போனேன். யோபு முதலாம் அதிகாரம். ஒலிபெருக்கி முன் நின்று தெளிவாக ‘ஜாப்’ என்றேன். பின்வரிசையில் வாலிபர் கூட்டம் குலுங்கியது. ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, “தம்பி, ஆண்டவர் சீக்கிரம் கொடுப்பார்” என்றார். நான் வேலை தேடுவது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று முழுக்கக் குழம்பினேன். இரவில் அறைத் தோழன்தான் சொன்னான்: வேலைக்கும் யோபுவுக்கும் ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றுதான் (Job), ஆனால் புத்தகத்தின் பெயர் ‘ஜோப்’.

உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சங்கீதத்துக்கு (Psalms) முதல் எழுத்தை விழுங்கி ‘சாம்ஸ்’ என்று சொல்லுங்கள். மல்கியா (Malachi) ஆங்கிலத்தில் முடிவது ‘கை’யில், ‘சி’யில் அல்ல. மீகா ‘மைக்கா’, தீத்து ‘டைட்டஸ்’, கொலோசெயர் ‘கொலாஷன்ஸ்’. ஏசாயாவை ஆங்கிலேயர் ‘ஐஸையா’ என்பார்கள், அமெரிக்கர் ‘ஐஸேயா’ என்பார்கள். வெளிப்படுத்தல் ‘ரெவலேஷன்’தான், கடைசியில் ‘ஸ்’ கிடையாது. பாதிப் பேர் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். இரண்டாம் கொரிந்தியரை ‘செகண்ட்’ என்று வாசிப்பது அமெரிக்க வழக்கம். 2016 ஜனவரியில் டிரம்ப் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ‘டூ கொரிந்தியன்ஸ்’ என்று சொல்லிப் பெரும் கேலிக்கு ஆளானார். பிரிட்டனிலோ அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. அவருக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்!

‘ஆங்கில அடிமை’ என்று கீழே எழுத ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். அவருக்கும் ஒன்று சொல்கிறேன். எபிரேயத்தில் இந்தப் பெயர்களுக்கு ‘ஜ’ ஒலியே இல்லை, ‘ய’தான். யோனா, யோவேல் என்று நம் ஊர்ப் பாட்டிகள் சொல்வதுதான் மூலத்துக்குப் பக்கம். ஜோனா, ஜோயல் எல்லாம் லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்து ஆங்கிலத்தில் திரிந்தவை. ஆனாலும் ஆங்கிலத்தில் வாசிக்கும்போது ஆங்கிலத்தில் சொல்வதுதானே முறை? இதில் என்ன அடிமைத்தனம்?

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது வேறு. அன்று என்னைப் பார்த்துச் சிரித்த அதே வாலிபர் கூட்டத்தைச் சேர்ந்த சிலர் இன்று அந்த ஆலயத்தின் பாடகர் குழுவில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு கீர்த்தனை பாடுவார்கள். தமிழ் வரிகள் திரையில் ஆங்கில எழுத்தில் ஓடும். ‘வாழ்க’ என்பது ‘வால்க’ என்று வரும். ஒருவரும் சிரிப்பதில்லை, நான் உட்பட. திரை வந்ததிலிருந்து யாரும் வேதாகமத்தைக் கையில் கொண்டுவருவதும் இல்லை. பக்கம் புரட்டும் சத்தமே போய்விட்டது. சரி, அது தனிக் கதை.

வாசிப்பதற்கு முதல் நாள் அகராதியைப் பாருங்கள், வீட்டில் நான்கு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அதன்பிறகும் விடமாட்டார்கள். போன மாதம் ஆபகூக் வாசித்தேன். இரண்டாம் அசையை அழுத்தி ‘ஹபாக்குக்’ என்றேன். முதல் அசையைத்தான் அழுத்த வேண்டும் என்று ஒருவர் வாசலில் மடக்கினார். கைபேசியில் அகராதியைத் திறந்து இரண்டும் இருப்பதைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, “இது அமெரிக்க அகராதி” என்றார்.