சுவர் ஓதம், பூஞ்சணம், மூச்சு: கேள்வி பதில்

நான் கட்டடப் பொறியாளர், டாக்டர் இல்லை. மாத்திரை மட்டும் கேட்காதீர்கள்.

கே: படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். பையனுக்கு ராத்திரியானால் வீசிங். இரண்டு தடவை பெயிண்ட் அடித்தும் திரும்ப வருகிறது சார்.

ப: வரத்தான் செய்யும். ஈரம் இருக்கிறவரை பெயிண்ட் அடிப்பது வீண். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு சாண் சதுரத்துக்கு அலுமினியத் தாள் வெட்டி, சுவரைத் துடைத்துக் காயவிட்டு, நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள்.

தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது: குழாய்க் கசிவு, வெளிச்சுவர் விரிசல், இல்லையென்றால் தரையிலிருந்து ஏறும் ஓதம். ஏறும் ஓதம் பெரும்பாலும் மூன்றடிக்குள் நின்றுவிடும். நின்ற இடத்தில் உப்பு பூத்து, விரலால் தடவினால் பொடியாக உதிரும்.

அறைப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அது உங்கள் மூச்சு, குளியல், சமையல், உள்ளே காயப்போட்ட துணி. அலமாரியைச் சுவரைவிட்டு நகர்த்துங்கள், குளித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 50ஐ ஒட்டி இருந்தால் தூசிப்பூச்சியும் குறையும்.

வீசிங்குக்கு டாக்டரிடம் போங்கள். சுவரில் பூஞ்சணம் இருப்பதையும் அவரிடம் சொல்லுங்கள், பலர் சொல்வதேயில்லை.

கே: பூஞ்சணம் வராமல் இருக்க எந்த பெயிண்ட் நல்லது?

ப: மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே: ப்ளீச்சோடு ஆசிட் கலந்து தேய்த்தால் சீக்கிரம் போகுமாமே?

ப: வேண்டவே வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும். வினிகர் கலந்தாலும் அதே கதைதான்.

கே: அறைக்கு நாலு செடி வைத்தால் காற்று சுத்தமாகிவிடும். நாசாவே சொல்லியிருக்கிறது.

ப: 1989இல் நாசா சோதித்தது காற்றுப்புகாத சின்னப் பெட்டிக்குள். வீட்டில் காற்று மாறிக்கொண்டே இருக்கும். அந்த வேலையைச் செடி செய்ய, சதுர மீட்டருக்குப் பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. அப்புறம் நீங்கள் எங்கே படுப்பீர்கள்?

கே: கிண்டல் வேண்டாம் சார். செடி வைத்தபிறகு எனக்குத் தலைவலியே இல்லை.

ப: சந்தோஷம். எங்கே வைத்தீர்கள்?

கே: ஜன்னலோரம். வெயிலுக்காகப் பகலெல்லாம் திறந்தே வைக்கிறேன்.

ப: முன்பு?

கே: சாத்தியேதான் இருந்தது.

ப: சரி.

கே: உள்சுவரில் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் ஓதம் நிற்குமா?

ப: இன்றைக்கு மூன்றாவது பெயிண்ட் ஆள் நீங்கள். ஈரம் பின்னால் தேங்கிக் கொப்புளம் கொப்புளமாக உரியும். போய்த் தாளை ஒட்டுங்கள்.