பெட்ரோல் காரின் ஸ்பார்க் பிளக்கை நாமே மாற்றலாமா? சுத்தம் செய்து போட்டால் போதாதா?

உங்கள் கார் 42,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசாக உதறுகிறது, மெக்கானிக் "பிளக்கைக் கழற்றி கிளீன் பண்ணிட்டா போதும்" என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டிருப்பது சாதாரண நிக்கல் பிளக் என்றால் கிளீன் பண்ண வேண்டாம், புதிதாக மாற்றிவிடுங்கள். நீங்களே மாற்றலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவசரம் கூடாது. அதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கிளீன் பண்ணும் பழக்கம் கார்புரேட்டர் காலத்தில் வந்தது. அப்பாவிடம் 1994 மாடல் மாருதி 800 இருந்தது. மூன்று சிலிண்டர், மூன்று பிளக். சோக் இழுத்து வைத்து ஓட்டினால் பெட்ரோல் கூடுதலாகப் போய் பிளக்கில் கரி அப்பிக்கொள்ளும். மாதம் ஒரு ஞாயிறு அப்பா மூன்றையும் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, பெட்ரோலில் கழுவி வெயிலில் வைப்பார். அந்த வண்டிக்கு அது பலன் தந்தது. இன்றைய வண்டியில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை ஈசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்கிறது. பிளக் கரி பிடித்துக் கெடுவது குறைவு, தேய்ந்து கெடுவதுதான் அதிகம்.

எப்படித் தேய்கிறது? நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. 3,000 ஆர்பிஎம்மில் ஒரு பிளக் நிமிடத்துக்கு 1,500 தடவை பொறிகிறது. ஒவ்வொரு பொறியும், அது தாவும் உலோக முனையான எலக்ட்ரோடில் கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைத் தின்கிறது. புது பிளக்கின் நுனி ஓரம் கூராக இருக்கும். பொறி அந்தக் கூரான ஓரத்தில் இருந்துதான் சுலபமாகத் தாவும். ஓடி ஓடி ஓரம் மழுங்கி, பொறி தாவும் இடைவெளியான கேப் அகன்றுவிட்டால் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். அந்தச் சுமை, பிளக்குக்கு அந்த வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயிலின் தலையில் விழுகிறது. எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் போன உலோகம் திரும்பாது. நான்கு நிக்கல் பிளக்கின் விலை, ஒரு காயிலின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

நிக்கல் பிளக் பொதுவாக 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை. இரிடியம், பிளாட்டினம் என்றால் ஒரு லட்சம் வரைகூட வரும். உங்கள் வண்டிக்கு எது, எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு ஓனர்ஸ் மேனுவல்தான் கடைசி வார்த்தை. இரிடியம் பிளக்கின் நுனி ஊசி மாதிரி மெல்லியது, அதன்மேல் கம்பி பிரஷ் படவே கூடாது.

கடையில் "இதே நம்பர்ல வேற கம்பெனி இருக்கு சார்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியேற்றும் என்பதைச் சொல்லும் ஹீட் ரேஞ்ச் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேகமாக வெளியேற்றுவது 'கோல்டு', மெதுவாக வெளியேற்றுவது 'ஹாட்'. என்ஜிகே, டென்சோவில் எண் கூடினால் பிளக் 'கோல்டு'. பாஷ் பிளக்கில் எண் கூடினால் 'ஹாட்'. மேனுவலில் உள்ள முழு எண்ணை எழுத்து பிசகாமல் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை பிளக் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2003-ல் வந்த ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு பிளக். நான்கு வாங்கிப் போனால் பாதி வேலைதான் நடக்கும். போலிச் சரக்கும் நிறைய ஓடுகிறது, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

இப்போது வேலை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் செய்வது உத்தமம். பிளக் திருகி நிற்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டோடு கழற்றினால் மரை கெடும். பிளக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் காயிலின் வயர் கனெக்டர் பூட்டை அமுக்கி எடுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். காயிலின் போல்ட்டைக் கழற்றி, லேசாகத் திருகியபடி மேலே தூக்குங்கள். பிறகு பிளக் குழிக்குள் காற்றடியுங்கள், பஞ்சர் கடை ஏர் போதும். குழியில் கிடக்கும் மணல் பிளக்கைக் கழற்றியதும் நேராக சிலிண்டருக்குள் போகும், அதனால் இதை விடாதீர்கள். உள்ளே ரப்பர் அல்லது காந்தம் வைத்த பிளக் சாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். சில வண்டிக்கு 16 மி.மீ., சிலவற்றுக்கு 14. ஒரு பிளக்கை மாற்றி முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

அவசரம் கூடாது என்றேனே, அது புது பிளக்கை மரையில் ஏற்றும் இடம். என் இரண்டாவது காருக்கு ஒரு பட்டறையில் பிளக் மாற்றினேன். அடுத்த முறை நானே கழற்றியபோது மூன்றாவது பிளக் கிரீச் கிரீச் என்று அழுதுகொண்டே வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், பிளக்கின் மரையில் வெள்ளிக் கம்பி மாதிரி அலுமினியம் சுருண்டு ஒட்டியிருந்தது. ஹெட்டின் மரை! போன தடவை கோணலாக ஏற்றி, ஸ்பேனர் பலத்தில் முடுக்கியிருக்கிறார்கள். அன்று வயிற்றைக் கலக்கிய அந்த உணர்வு இன்னும் மறக்கவில்லை. லேத் பட்டறைப் பெரியவர் ஒருவர் வந்து, மரை வெட்டும் 'டேப்' கருவியில் கிரீஸ் தடவி, துகள் உள்ளே விழாமல் பெரிய மரை வெட்டி, கம்பிச் சுருள் இன்சர்ட் போட்டுக் காப்பாற்றினார். போகும்போது ஒரு சாண் நீள பெட்ரோல் ஹோஸைக் கையில் கொடுத்தார். "பிளக் தலையில இதைச் சொருகி முடுக்கு தம்பி. கோணலா ஏறுச்சுன்னா ஹோஸ் வழுக்கிரும், மரை பிழைச்சிரும்."

அதற்குப் பிறகு அப்படித்தான் செய்கிறேன். ஹோஸை முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். மரை முனையில் 'டிக்' என்று பிளக் ஒரு நூல் அளவு இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் சுற்றுங்கள். அடி வரை விரல் பலத்திலேயே போக வேண்டும். போகவில்லையா, வெளியே எடுத்து மறுபடி முதலில் இருந்து ஆரம்பியுங்கள்.

பிளக்கின் வாஷர் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். முடுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. மரை பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. இல்லையென்றால் புது பிளக்குக்கு அரைச் சுற்று, மிஞ்சினால் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், கடிகாரத்தில் மணி முள் ஒரு எண் நகரும் அளவு போதும். மரையில் ஆயில், கிரீஸ் எதுவும் தடவாதீர்கள். வழுக்கலில் அளவு தெரியாமல் அதிகமாக முடுக்கிவிடுவோம். கை தவறித் தரையில் விழுந்த பிளக்கைப் போடாதீர்கள், பீங்கானில் விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

கழற்றிய பழைய பிளக்கைத் தூக்கி எறிவதற்கு முன் வரிசையாக வைத்துப் பாருங்கள். வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் எஞ்சின் நலம். காய்ந்த கரி என்றால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நுனியில் ஆயில் ஈரம் என்றால் வால்வ் சீல் அல்லது பிஸ்டன் ரிங். ஆயில் மேல் குழியில் மட்டும் நின்றால் வால்வ் கவர் பேக்கிங் கசிகிறது, அது சின்ன வேலைதான். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கொப்பளம் விட்டிருந்தால் அதிகச் சூடு, உடனே காட்டுங்கள்.

மாற்றிய பிறகும் உதறினால் காயிலைச் சந்தேகப்படுங்கள். எஞ்சின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது (பொறி தவறி எரியாமல் விடுகிறது) என்று பார்த்து, அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸும் கூடவே அங்கே போனால் காயில்தான். அதுவரை செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும்.