பதவி போன தலைவருங்க மேல கேஸ் போடணுமா? போடணும், ஆனா யாரு முடிவு பண்றாங்கன்னும் கேளுங்க

கேள்வி இதான்: ஆட்சியை விட்டு இறங்குன தலைவருங்க மேல கேஸ் போடுறது நியாயமா, இல்ல அது வெறும் பழிவாங்கலா?

நான் சுங்கை சிப்புட்காரன். மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்குற தோட்ட டவுன், ரப்பர் போயி இப்ப சுத்திவர செம்பனைதான். எங்க நாட்டு முன்னாள் பிரதமர் நஜிப் 2022ல இருந்து காஜாங் ஜெயில் கைதி, அதனால இந்தக் கேள்விய ஒட்டுக்கடையில யாராச்சும் எடுத்தா தே ஓ டீ ஆறுறதுக்குள்ள ரெண்டு பேரு மூஞ்சிய திருப்பிக்குவாங்க.

என் பதில், கேஸ் போடணும், சந்தேகமே இல்ல. ஆனா என்னோட சண்டை வேற எடத்துல. இறங்குற வரைக்கும் ஏன் காத்திருக்கணும், இறங்குன பிறகு யாரு மேல போடலாம் யாரு மேல வேணாம்னு யாரு முடிவு பண்றாங்க, இதான் எங்க நாட்டுல நடந்தத பாத்து எனக்கு புரிஞ்ச விஷயம்.

நஜிப் கேஸையே எடுத்துக்குங்க, தமிழ்நாட்டுல இருக்குறவங்களுக்கு முழுக்க தெரிஞ்சிருக்காது. 2015 ஜூலை ஆரம்பத்துல பிரதமரோட சொந்த பேங்க் அக்கவுண்டுக்கு சுமார் 70 கோடி அமெரிக்க டாலர் போயிருக்குன்னு வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல செய்தி வந்துச்சு, எங்க காசுக்கு அது 260 கோடி வெள்ளி (ரிங்கிட்ட நாங்க வெள்ளின்னுதான் சொல்வோம்). அதே மாசம் 28ஆம் தேதி சட்டத்துறைத் தலைவரா இருந்த கனி பட்டாயில் பதவியிலிருந்து எடுக்கப்பட்டாரு, காரணம் உடம்பு சரியில்லன்னாங்க. அதே நாள் துணைப்பிரதமர் முஹிடினும் அமைச்சரவையிலிருந்து அவுட், அவரு 1எம்டிபிங்குற அரசாங்க முதலீட்டு கம்பெனி விவகாரத்த பத்தி வெளிப்படையா பேசிட்டாருல்ல. புதுசா வந்த சட்டத்துறைத் தலைவர் அபாண்டி அலி 2016 ஜனவரியில பைலை மூடி வெச்சிட்டாரு, சவுதி அரச குடும்பம் கொடுத்த நன்கொடை, குத்தம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு. எஸ்ஆர்சிங்குற இன்னொரு அரசாங்க கம்பெனி பைலும் அதோட சேந்து மூடப்பட்டுச்சு.

இப்ப கவனிங்க. 2018 மே 9 தேர்தல்ல நஜிப் தோத்தாரு. ஜூலை 3 அரெஸ்ட், மறுநாளே கோர்ட்டு. எந்த கேஸ்? அதே எஸ்ஆர்சி கேஸ்தான். அதே அக்கவுண்டு, எஸ்ஆர்சியிலிருந்து அதுக்கு வந்த அதே 4 கோடியே 20 லட்சம் வெள்ளி, சட்டமும் அதே சட்டம்தான், ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி குத்தமே இல்லன்னு சொன்ன விஷயத்துல 2020 ஜூலை 28 உயர் நீதிமன்றம் ஏழு குற்றச்சாட்டுலயும் குற்றவாளின்னு சொல்லி 12 வருஷ ஜெயிலும் 21 கோடி வெள்ளி அபராதமும் போட்டுச்சு. தேதிய பாத்தீங்களா, கனி பட்டாயில எடுத்த அதே ஜூலை 28, சரியா அஞ்சு வருஷம் கழிச்சு. வேணும்னே வெச்ச தேதின்னு நான் சொல்லல, ஆனா பாத்தப்ப எனக்கு சிரிப்பு வந்துச்சு.

இந்த எஸ்ஆர்சி என்னன்னு கேட்டா, 1எம்டிபிக்கு கீழ தொடங்குன கம்பெனி, பிறகு நிதியமைச்சுக்கு கீழ போச்சு. கேவாப்ன்னு சொல்ற அரசாங்க ஊழியர் பென்ஷன் நிதியிலிருந்து 400 கோடி வெள்ளி கடன் வாங்குனாங்க, அரசாங்கமே அதுக்கு கேரண்டி. எங்க ஊரு தமிழ்ப் பள்ளி வாத்தியாருங்க ரிட்டையர் ஆனா அவங்க பென்ஷனுக்காக வெச்ச நிதி அது. இது யாரோ பணக்காரன் காசு, நமக்கென்னன்னு பேசுறவங்களுக்காகத்தான் இத சொல்றேன்.

எங்க மாமா இத ஒத்துக்க மாட்டாரு. தோட்டத்துல மண்டோரா, அதாவது கங்காணியா வேலை செஞ்சு ஓய்வானவரு, நஜிப்னா அவருக்கு உயிரு, இன்னும் பாஸ்குன்னுதான் (என் பாஸ்னு அர்த்தம்) சொல்வாரு. "டேய், அந்த மனுசன் காலத்துலதான் பிரிம்னு கையில 500 வெள்ளி வந்துச்சு, மத்தவன் எவன் குடுத்தான்? எல்லாரும்தான் தின்னானுங்க, தோத்ததால இவரு மாட்டிக்கிட்டாரு." இப்படி நினைக்குறவங்க தோட்டப் பக்கம் நிறைய பேரு இருக்காங்க, அவங்கள முட்டாள்னு சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வராது. 2012ல மாசம் 3,000 வெள்ளிக்கு கீழ சம்பாதிக்குற குடும்பத்துக்கு பிரிம்னு அரசாங்கம் குடுத்த உதவித்தொகை 500 வெள்ளிங்குறது ஸ்கூல் தொறக்குற நேரத்துல பெரிய விஷயம். நம்பிக்கைன்னு தமிழ்லயே சொல்லி ஓட்டு கேட்ட பிரதமர் வேற.

ஆனா மாமா, அது அரசாங்கக் காசுதானே, அவரு பாக்கெட்டு காசா?ன்னு கேட்டா பேச்ச மாத்திடுவாரு. தோட்டத்துல எவனாச்சும் நாலு செம்பனைக் குலைய திருடி மோட்டர்ல கட்டிட்டு போனா அன்னைக்கு ராத்திரியே லோக்காப்பு, அடுத்து கோர்ட்டு, பாவம் அவன் நல்லவன் போன வருஷம் கோயிலுக்கு அரிசி மூட்டை குடுத்தான்னு யாரும் கேஸ நிறுத்துறது இல்ல.

பழிவாங்கல்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். 2022 ஆகஸ்டு 23 கூட்டரசு நீதிமன்றம் கடைசி மேல்முறையீட்டையும் தள்ளுபடி பண்ணி நஜிப்ப காஜாங்குக்கு அனுப்புனப்ப பிரதமர் யாரு? இஸ்மாயில் சப்ரி, நஜிப்போட சொந்த அம்னோ கட்சிக்காரரு. 2020ல தீர்ப்பு வந்தப்பவும் அம்னோ ஆதரவுல ஓடுன அரசாங்கம்தான். இன்னும் பின்னாடி போனா சிலாங்கூர் மாநில முன்னாள் மந்திரி பெசார் (முதலமைச்சர் மாதிரி) கிர் தோயோ, 2008ல ஆட்சி போச்சு, 2010 டிசம்பர்ல ஷா ஆலாம் பங்களா நில விவகாரத்துல கேஸ் போட்டாங்க, அப்ப மத்தியில அவரோட சொந்த கட்சிதான், 2015ல 12 மாச ஜெயில் உறுதியாச்சு. பழிவாங்கல்னா இதெல்லாம் எந்த கணக்குல வரும்?

சரி, அப்ப மாமா சொல்றது முழுக்க தப்பா? இல்ல, பாதி சரி. எல்லாரும்தான், இவரு மட்டும் மாட்டுனாருங்குற பாதி. துணைப்பிரதமர் ஜாஹிட் ஹமிடி மேல அறவாரிய நிதி சம்பந்தமா 47 குற்றச்சாட்டு இருந்துச்சு, 2022 ஜனவரியில உயர் நீதிமன்றம் முகாந்திரம் இருக்கு, எதிர்வாதம் செய்யுங்கன்னு சொன்னது. பிறகு 2022 கடைசியில அவரு கட்சி அன்வாரோட கூட்டணி சேந்துச்சு, அவரு துணைப்பிரதமர் ஆனாரு, 2023 செப்டம்பர்ல அரசுத் தரப்பே வழக்க நிறுத்தக் கேட்டு டிஎன்ஏஏ ஆச்சு. டிஎன்ஏஏன்னா கேஸ நிறுத்தியாச்சு ஆனா விடுதலை இல்ல, வேணும்னா திரும்பப் போடலாம்னு அர்த்தம். சபா மாநில முன்னாள் முதலமைச்சர் மூசா அமான் மேல 46 குற்றச்சாட்டு, 2020 ஜூன்ல அரசுத் தரப்பு வாபஸ் வாங்கி விடுதலை, 2025ல இருந்து அவருதான் சபா கவர்னர். அந்தப் பக்கத்துலயும் இருக்கு, பினாங்கு முதலமைச்சரா இருந்த லிம் குவான் எங் மேல பங்களா கேஸ் 2016ல போட்டது, 2018ல ஆட்சி மாறி அவரு நிதியமைச்சரா இருக்கும்போதே வாபஸ். இவங்க எல்லாம் குத்தவாளின்னு நான் சொல்லல, கோர்ட்டு சொல்லாதத நான் எப்படி சொல்றது, ஆனா கேஸ் போறதும் வர்றதும் யாரு நாற்காலியில இருக்காங்கங்குற காத்து அடிக்குற திசையில இருக்குன்னு தோட்டத்து ஆளுக்கு தோணுனா அது அவன் தப்பில்ல.

இதுக்கு வேர் எங்கன்னா அரசியலமைப்பு 145ஆவது பிரிவுல. எங்க நாட்டுல சட்டத்துறைத் தலைவரும் அரசுத் தரப்பு தலைமை வழக்கறிஞரும் ஒரே ஆளு. அரசாங்கத்துக்கு சட்ட ஆலோசனை சொல்றதும் அவரே, யாரு மேல கேஸ் போடணும், எத நிறுத்தணும்னு முடிவு பண்றதும் அவரே. அவர நியமிக்குறது பிரதமர் ஆலோசனைப்படி மாமன்னர். அப்ப பிரதமர் மேலயே கேஸ்னு வந்தா? 2015ல என்ன ஆச்சுன்னு மேல எழுதிட்டேன். இந்த ரெண்டு வேலையையும் பிரிக்கணும்னு வருஷக் கணக்கா பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு.

அப்ப சட்டத்த ஆயுதமா யாரும் திருப்ப மாட்டாங்களான்னு கேட்டா, திருப்புவாங்கன்னு மலேசியாக்காரங்களுக்கு சொல்லித்தர வேணாம். 1998ல அன்வார் துணைப்பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட கையோட அரெஸ்ட், கண்ணு வீங்கின போட்டோ உலகமே பாத்துச்சு, அடிச்சது அப்ப போலீஸ் படைத் தலைவரா இருந்தவரேன்னு பிறகு தெரிஞ்சு அவருக்கும் ஜெயில் கிடைச்சுச்சு. அன்வார் ரெண்டு தடவ ஜெயிலுக்குப் போயி 2018ல மாமன்னர் மன்னிப்புல வெளிய வந்து 2022ல பிரதமர் ஆனாரு. அதனால பழிவாங்கல் பயம் சும்மா கற்பனைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு மருந்து தலைவர விட்டுடுறது இல்ல.

விட்டுட்டா என்ன ஆகும்னு எங்க ஊருக்கு நல்லாவே தெரியும். சுங்கை சிப்புட் எம்பி 1974லேர்ந்து 2008 வரைக்கும் சாமிவேலு. அவரு தலைமையில மஇகா, அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி, 1980கள்ல மைக்கா ஹோல்டிங்ஸ்னு ஒரு முதலீட்டு கம்பெனி ஆரம்பிச்சு, சுமார் 66,000 இந்தியர்கள் 10 கோடி வெள்ளிக்கு மேல போட்டாங்க, அதுல தோட்டப் பாட்டாளிங்க ஏகப்பட்ட பேரு. 1990ல டெலிகாம் பங்கு ஒரு கோடி ஒதுக்குனதுல மைக்காவுக்கு வந்தது 10 லட்சம்தான், மீதி 90 லட்சம் வேற மூணு கம்பெனிக்கு போச்சு. மைக்கா கையில அவ்வளவு பங்கு வாங்க பணம் இல்லன்னு சாமிவேலு தரப்பு விளக்கம். ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரிச்சது, கேஸ் போடல. 2010ல இன்னொரு கம்பெனி ஒரு வெள்ளி பங்குக்கு 80 சென் குடுக்க முன்வந்துச்சு. 2008ல அவரு எங்க ஊருல தோத்தாரு, 2022ல காலமாயிட்டாரு.

இதுல என் ஆதங்கம் அவர ஜெயில்ல போடலங்குறது இல்ல. கோர்ட்டுல சாட்சி, கணக்கு, குறுக்கு விசாரணைன்னு ஒரு நாள் கூட நடக்காததால அவரு தப்பு செஞ்சாருன்னு சொல்றவனும் சாகுற வரைக்கும் சொல்வான், அபாண்டம்னு சொல்றவனும் சாகுற வரைக்கும் சொல்வான். அவரு நிரபராதின்னா அவருக்கும் அநியாயம், இல்லன்னா காசு போட்டவனுக்கு அநியாயம். நஜிப்புக்கு எண்ணூறு பக்கத்துல தீர்ப்பு இருக்கு, பிடிக்காதவன் கூட படிச்சுப் பாத்து சண்டை போடலாம், இதுக்கு படிக்க ஒண்ணுமே இல்ல.

மன்னிப்பு பத்தியும் கேப்பீங்க. 2024ல மன்னிப்பு வாரியம் நஜிப்போட 12 வருஷத்த 6 வருஷமா பாதியாக்குச்சு, 21 கோடி அபராதம் 5 கோடியாச்சு. மாமன்னருக்கு அந்த அதிகாரம் இருக்கு, அத நான் கேள்வி கேக்கல, மன்னிப்பு குடுக்குறதுக்கு முன்னாடி கேஸ் நடந்து முடிஞ்சுதுல்ல, அது போதும். தென் கொரியாவுலயும் முன்னாள் அதிபருங்களுக்கு இப்படித்தான் தண்டனை வந்து பிறகு மன்னிப்பு. அமெரிக்காவுல 1974ல ஃபோர்டு நிக்சனுக்கு குடுத்தது வேற ரகம், கேஸே போடாம முன்கூட்டியே மன்னிப்பு, அது எனக்கு சுத்தமா பிடிக்கல. இங்க 2025 டிசம்பர்ல 1எம்டிபி பெரிய கேஸ்லயும் நஜிப்புக்கு 15 வருஷமும் 1,100 கோடி வெள்ளிக்கு மேல அபராதமும் விழுந்துச்சு, அது மேல்முறையீட்டுக்கெல்லாம் போகும், அது அவரோட உரிமை.

கேஸ் வரும்னு பயந்தா தலைவருங்க நாற்காலிய விட்டு இறங்கவே மாட்டாங்க, அதனால சட்ட விலக்கு குடுக்கலாம்னு சில பேரு எழுதுறாங்க. எங்க நாட்டுல 1993லேர்ந்து சுல்தான்களையே சிறப்பு நீதிமன்றத்துல நிறுத்தலாம், அப்படி இருக்குறப்ப பிரதமருக்கு எதுக்கு விலக்கு? அதுவும் இல்லாம என் அனுபவத்துல ஆபத்து இறங்காம இருக்குறதுல இல்ல, இறங்கிட்டு பின்வாசல் வழியா திரும்ப வர்றதுல. தமிழ்நாட்டுக்காரங்களுக்கு ஜெயலலிதா சொத்துக்குவிப்பு கேஸ் தெரியும், 1996ல ஆட்சி போனதும் ஆரம்பிச்சது, 2001ல அவங்க திரும்ப முதலமைச்சர் ஆனதும் சாட்சிங்க பல்டி அடிச்சாங்க, 2003ல உச்ச நீதிமன்றம் கர்நாடகாவுக்கு மாத்த வேண்டியதாச்சு, கடைசி தீர்ப்பு வந்தது 2017 பிப்ரவரி, அவங்க அதுக்கு முன்னாடியே இறந்துட்டாங்க. இங்க 2020ல ஷெரட்டன் மூவ்னு தேர்தலே இல்லாம ஆட்சி மாறுச்சு, மூசா அமான் கேஸ் வாபஸ் ஆனது அதுக்கு சில மாசத்துலயே.

அதனால எனக்கு வேண்டியது ரெண்டே விஷயம். கேஸ் போடுற ஆளு பிரதமர் நியமிக்குற ஆளா இருக்கக் கூடாது. போட்ட கேஸ வாபஸ் வாங்குனா எதுக்குன்னு எழுத்துல, பொதுமக்கள் படிக்குற மாதிரி காரணம் சொல்லணும், ஆதாரம் பத்தலன்னா எந்த ஆதாரம் பத்தலன்னு. இது ரெண்டும் வர்ற வரைக்கும் அடுத்த முன்னாள் பிரதமர் மேல கேஸ் வருமான்னு என்கிட்ட கேட்டா, அவரு கட்சி அப்ப யாரோட கூட்டணியில இருக்குன்னுதான் நான் திருப்பிக் கேப்பேன்.