அம்மா இன்னும் பார்க்கவில்லை

கேள்வி: அக்கா, எனக்கு வயது 24. ஊர் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் பக்கம். நிதி நிறுவனமொன்றில் வேலை. கூட்டாளியோடு சேர்ந்து ஒரு யூடியூப் சனலும் நடத்துகிறேன். பகிடி வீடியோ, சாப்பாட்டுப் போட்டி எல்லாம் போடுவதில்லை. ஊர்ப் பெரியவர்கள், பழைய தொழில்கள், குடும்பப் பாசம் என்று அர்த்தமுள்ளவை மட்டும்தான். போன டிசம்பரில் சுனாமி நினைவுநாளுக்காக அம்மாவைக் கதைக்க வைத்துப் போட்டேன். என் அக்காவை அம்மாவின் கையிலிருந்துதான் கடல் இழுத்துப் போனது. அப்போது எனக்கு 3 வயது. அந்த வீடியோவுக்குப் பிறகுதான் சனல் வளர்ந்தது. அம்மா அழும் இடத்தைச் சனம் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பது யூடியூப் ஸ்டூடியோவில் காட்டும் பார்வைக் கோட்டில் தெரிகிறது. கனடா, லண்டனில் இருந்தெல்லாம் "இப்படி வீடியோதான் வேணும்" என்று எழுதி, இரண்டாம் பகுதி கேட்கிறார்கள். அம்மா இன்னும் பார்க்கவில்லை, அவவிடம் பட்டன் போன்தான். பக்கத்து வீட்டு மாமி பார்த்துவிட்டு வந்து அழுதாவாம். சனம் நல்லதைத் தேடத் தொடங்கிவிட்ட இந்த நேரத்தில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? லோன் எடுத்துப் புதுக் கமரா வாங்குவோம் என்கிறான் கூட்டாளி.

பதில்: தம்பி, வேலையையும் லோனையும் பிறகு பார்ப்போம். "அம்மா இன்னும் பார்க்கவில்லை, அவவிடம் பட்டன் போன்தான்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

அம்மாவிடம் பட்டன் போன். சரி. உங்களிடம் இருப்பது என்ன? வீடியோ எடுத்தது எதில்? ஏற்றியது எதில்? அந்தப் போன் ஒவ்வொரு இரவும் அம்மா சோறு போடும்போது பக்கத்தில்தானே கிடக்கிறது? கையை நீட்டிக் காட்ட ஒரு நிமிடம் போதும். டிசம்பரிலிருந்து இன்றுவரைக்கும் அந்த ஒரு நிமிடம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் போன் இல்லை. பார்த்தால் "இதை எடு மகன்" என்று சொல்லிவிடுவா என்ற பயம். எடுத்தால் சனல் படுத்துவிடும் என்ற பயம். இப்படிச் சனலோ, வலைப்பதிவோ, பத்தியோ நடத்துகிற பிள்ளைகளிடமிருந்து எனக்கு நிறையக் கடிதம் வருகிறது. வீட்டாருக்குக் காட்டாமல் ஊருக்குக் காட்டியதைப் பற்றி எல்லோரும் இப்படித்தான், போகிற போக்கில் ஒரு வரியில் எழுதுவார்கள்.

அம்மா உங்கள் முன்னால் இருந்து கதைத்தபோது யாரோடு கதைத்தா என்று யோசித்தீர்களா? 2004 சுனாமியில் இலங்கையிலேயே ஆகக் கூடிய உயிர்களைக் கொடுத்தது நம் அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேல். இந்தக் கரையில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றி இருபது வருடமாக வாய் திறக்காத தாய்மார் எத்தனையோ பேர். வெளிநாட்டு நிறுவனங்கள் ஜீப்பில் வந்து படிவம் நிரப்பிக் கேட்டபோதும் திறக்காதவர்கள். மகன் கேட்டான், அவவும் சொன்னா. கமரா அவவுக்கு ஒரு பொருட்டே இல்லை, அதைப் பிடித்திருந்தது மகன். உங்களை நம்பித்தான் அழுதா. டொரொண்டோவில் பஸ்ஸில் போகிற ஒருவர் அந்த அழுகையைப் பின்னுக்கு இழுத்து இன்னொரு தரம் பார்ப்பார் என்று அவவுக்குச் சொன்னீர்களா? அந்தக் கோடு எந்த நிமிடத்தில் ஏறுகிறது என்பது உங்களுக்கு மனப்பாடம். மாமி வந்து அழுதுவிட்டுப் போன பிறகு அம்மா என்ன சொன்னா என்று மட்டும் கடிதத்தில் இல்லை. மகளின் கடைசி நிமிடம் பக்கத்து வீட்டுக்கும் தெரியும் என்பதை அவ மாமியின் கண்ணீரைப் பார்த்துத்தான் அறிந்திருக்கிறா. சந்தையிலும் கோயிலிலும் ஆட்கள் ஏன் தன்னை இரக்கமாகப் பார்க்கிறார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியிருக்கும்.

நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. அம்மா தன் தாய் வழியில் வாங்கி, மகளுக்குக் கொடுக்க வைத்திருப்பது. அக்கா இருந்திருந்தால் இன்று நீங்கள் படுக்கிற வீடு அவவுடையது. அந்த வீட்டுக்குள் யார் வரலாம், எதுவரை வரலாம் என்று சொல்கிறவ அம்மா. நீங்களோ படலையைத் திறந்து, உலகத்தையே கூப்பிட்டு, அக்காவின் சாவுக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறீர்கள். பெற்றவவிடம் ஒரு வார்த்தை கேட்காமல். இதற்குக் "குடும்பப் பாசம்" என்று தலைப்பு வேறு.

சனம் நல்லதைத் தேடுகிறது என்று சொல்கிறீர்களே, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2020இல் கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம், 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றோம். எல்லா நேரமும் போன்தான் துணை. கத்தலும் ஏச்சும் பார்த்துப் பார்த்துச் சனம் களைத்துவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊர் வேண்டும், பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது வேண்டும். அந்தப் பசி உண்மையான பசி. பசித்தவன் கேட்கிறான் என்று விதைநெல்லை எடுத்து அவிப்பதா?

உதவி வீடியோக்களையும் இந்தக் கணக்கில்தான் வைக்கிறேன். வெளிநாட்டு அண்ணா அனுப்பிய காசை ஒரு விதவையின் கையில் வைத்து, "கமராவைப் பார்த்துச் சொல்லுங்கம்மா" என்பார்கள். அதற்கும் கீழே "மனிதநேயம் வாழ்க" என்று எழுதுகிறார்கள். அரிசி மூட்டைக்கு விலை அவவின் முகம். உங்கள் சனலில் அது இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இனிச் செய்யவேண்டியது. வருகிற ஞாயிறு கூட்டாளியை வீட்டுப் பக்கம் வரவிடாதீர்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வீடியோவை முழுதாகக் காட்டுங்கள். தம்ப்நெயிலில் அவவின் அழுத முகத்தைப் போட்டிருந்தால் அதை முதலில் காட்டுங்கள். கொமன்ட்ஸ் வாசித்துக் காட்டுங்கள், நல்லதையும் கெட்டதையும். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை ரூபாய் வந்தது என்று சொல்லுங்கள். அந்தக் காசை என்ன செய்வது என்று அவவே சொல்லட்டும். அவ பார்க்கும்போது தயவுசெய்து அதைப் படம் பிடிக்காதீர்கள். இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், கடிதத்தை இன்னொரு தரம் வாசித்த பிறகுதான் எழுதுகிறேன்.

"எடு" என்றா என்றால் அன்றே எடுக்க வேண்டும். அழித்தால் திரும்ப வராது, அதனால் 'பிரைவேட்' ஆக்குங்கள். உலகத்துக்குத் தெரியாது, உங்களிடம் இருக்கும். அக்காவைப் பற்றி அம்மா வாயால் சொன்னது வீட்டில் இருக்கத்தான் வேண்டும். வேறு ஆட்கள் வெட்டி யூடியூபிலோ டிக்டொக்கிலோ பேஸ்புக்கிலோ போட்டிருந்தால், எடுத்தவர் நீங்கள் என்பதால் பதிப்புரிமை முறைப்பாடு கொடுத்து இறக்கலாம். வட்ஸ்அப்பில் போனதைப் பிடிக்க முடியாது. அதையும் அவவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "கிடக்கட்டும்" என்றா என்றால், அழும் இடமும் கிடக்கட்டுமா என்று தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தத் துண்டை ஸ்டூடியோவிலேயே வெட்டலாம். கோடு விழும். விழட்டும்.

இரண்டாம் பகுதி வேண்டாம். அதைப் பற்றி அவவிடம் கேட்கவும் வேண்டாம். மகன் கேட்டால் எந்தத் தாயும் ஓம் என்றுதான் சொல்லுவா, அந்த ஓமை நான் நம்பமாட்டேன்.

வேலை. விடாதீர்கள். 1,000 சப்ஸ்கிரைபரும் ஒரு வருடத்துக்குள் 4,000 மணித்தியாலப் பார்வையும் விளம்பரக் காசுக்குக் கதவைத் திறந்து விடும், மாதச் சம்பளம் தராது. ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் வராது. லோன் தவணையோ ஒவ்வொரு மாதமும் வரும். நிதி நிறுவனத்தில் இருக்கிற உங்களுக்குத் தவணை ஒரு வீட்டை என்ன செய்யும் என்று நான் சொல்லித்தர வேண்டுமா? அந்தத் தவணைக்காக அடுத்து யாரை அழ வைப்பீர்கள்? உங்களுக்கு இருப்பது ஒரு அம்மா.

இருக்கிற போனே போதும். கரைவலை இழுக்கிறவர்களிடம் போங்கள், பாட்டோடு இழுக்கிறவர்கள் இன்னும் இருந்தால் அதைப் பிடியுங்கள். வயல் வட்டைக்குள் தண்ணீர்ச் சண்டையை வட்டவிதானை எப்படித் தீர்க்கிறார் என்று எடுங்கள். வைகாசியில் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில் குளுத்திச் சடங்கு வருகிறது, கோயில்காரரிடம் கேட்டு, விட்ட இடத்தில் மட்டும் நின்று எடுங்கள். மெதுவாகத்தான் வளரும். எதை எடுத்தாலும் அதில் முகம் காட்டுகிறவர் முதலில் பார்த்துச் சரி சொன்ன பிறகு ஏற்றுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர் என்றால் வீடு தேடிப் போய்க் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என்ன சொன்னா என்று எனக்கு எழுதாதீர்கள். அது உங்கள் வீட்டு விசயம்.