மலாவியில் கடலை: ரோசெட் நோயும் ஒரு வாளித் தண்ணீரும்

கேள்வி: மலாவியின் ம்சின்ஜி மாவட்டத்தில் நண்பருடன் சேர்ந்து ஐந்து ஏக்கரில் நிலக்கடலை போட்டிருக்கிறேன். மக்காச்சோள வேலை முடிந்து ஜனவரி முதல் வாரம்தான் சிஜி 7 ரகத்தை விதைக்க முடிந்தது. இப்போது செடிகள் குட்டையாகி, இலைகள் மஞ்சளடித்துக் கொத்தாக நிற்கின்றன. கடைக்காரர் துத்தநாகக் குறை என்று நுண்ணூட்டக் கலவையும் பூச்சி மருந்தும் கொடுத்தார். இரண்டு தடவை அடித்தும் பலனில்லை. வேறு எதை அடிக்கலாம்? போன வருடமும் நஷ்டம்தான். தண்ணீர் தெளித்து ஊறவைத்துக் கையால் உடைத்த பருப்பை, பூஞ்சண நச்சு இருப்பதாகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

பதில்: எதையும் அடிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ரோசெட் நோய்க்குரியவை. நம் ஊர் மொட்டுக் கருகலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இலைப்பேன் பரப்புவது. இது அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி பரப்பும் வைரஸ், ஆப்பிரிக்காவுக்கே உரியது. 1975இல் நைஜீரியாவில் லட்சக்கணக்கான எக்டர் கடலையை அழித்தது இதுதான். செடிக்குள் வைரஸ் புகுந்த பிறகு துத்தநாகம் என்ன செய்யும்? நோய் பார்க்காமல் பாட்டிலை நீட்டுகிற கடைக்காரர் மலாவித் தலைநகர் லிலாங்வேயிலும் இருக்கிறார், திண்டிவனத்திலும் இருக்கிறார்.

உங்கள் தவறு தேதியில் இருக்கிறது. அங்கே நவம்பர், டிசம்பரில் முதல் நல்ல மழை விழுந்ததும் கடலை மண்ணுக்குள் போய்விட வேண்டும். பயிரை நெருக்கமாகவும் விட வேண்டும். வெற்று மண் தெரியும் வயலில்தான் அசுவினி அதிகமாக இறங்கும். சிஜி 7 நன்றாகக் காய்க்கும், ஆனால் ரோசெட்டைத் தாங்காது. அடுத்த முறை தாமதமாகும் என்று தெரிந்தால் நோயைத் தாங்கும் ‘ந்சின்ஜிரோ’ ரகத்துக்குப் போங்கள். இந்த வைரஸ் விதை வழியாகப் பரவாது. அதனால் ‘வைரஸ் இல்லாத விதை’ என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, நீங்கள் கேட்க மறந்த கேள்விக்கு வருகிறேன். போன வருட நஷ்டத்தை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். என்னைக் கேட்டால் ரோசெட்டை விடப் பெரிய திருடன் அந்த வாளித் தண்ணீர்தான். காய்ந்த காயை நனைத்தால் ஓடு மிருதுவாகும், விரல் வலிக்காது. அது எனக்கும் புரிகிறது. ஆனால் ஈரப் பருப்பைச் சாக்கில் கட்டி வைப்பது பூஞ்சணத்துக்குப் பாய் விரித்துக் கொடுப்பதுதான். அந்தப் பூஞ்சண நச்சின் பெயர் அஃப்ளாடாக்சின். நேரடியாகச் சாப்பிடும் கடலையில் அது மொத்தமாகக் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்காது. உள்ளூர் வியாபாரிக்கு அந்தக் கவலையே இல்லை. நனைந்த பருப்பு எடை கூடும், அவருக்கு அதுவே லாபம். அப்புறம் கழித்த பருப்பு எங்கே போகிறது? மாவாகி உள்ளூர்க் குழந்தைகளின் தட்டுக்குப் போகிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நச்சு முழுதாகப் போகாது.

இந்த வருடம் பயிர் தாமதம் என்பதால் காய் முற்றும் நேரத்தில் மழை நின்றுவிடலாம். வறட்சியில் முற்றும் காய்க்குள் மண்ணிலேயே நச்சு சேரத் தொடங்கும். ஆகவே அறுவடையைத் தள்ளிப்போடாதீர்கள். பிடுங்கிய செடியைக் காய் மேலே இருக்கும்படி கவிழ்த்து வாடவிடுங்கள். பிறகு அங்கத்திய உழவர்கள் ‘மண்டேலா காக்’ என்று சொல்லும் போரைப் போடுங்கள். செடிகளை வட்டமாக அடுக்குவார்கள். காய்கள் உள்பக்கம், நடுவில் காற்றுப் போக ஒரு குழி, உச்சியில் மூடாக்கு. காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். சுருங்கியது, ஓட்டை விழுந்தது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் தனியே எடுங்கள். கோழிக்குக்கூடப் போடாதீர்கள்.

உடைக்க ஒரு கைச் சுற்று மெஷினைப் பக்கத்துக்காரர்களோடு பங்கு போட்டு வாங்குங்கள். அதுவரை ஆட்களை வைத்துத்தான் உடைக்க வேண்டும் என்றால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசாதீர்கள், நாள் கூலி பேசுங்கள். கிலோ கணக்கென்றால் நீங்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் வாளி வந்துவிடும்.