பாம்புக்குக் குனிந்த தலை

கேள்வி: பட்டன் போன் காலத்தில் முகம் பார்த்துப் பேசினோம், எல்லோர் நம்பரும் மனப்பாடமாக இருந்தது. இன்று ஊரே தலைகுனிந்து கிடக்கிறது. பேசாமல் பழைய போனுக்கே திரும்பிவிட்டால் என்ன?

பதில்: தலை குனிந்தது நேற்றா? 1997ல் நோக்கியா 6110இல் பாம்பு விளையாட்டு வந்தபோதே குனிந்தாயிற்று. பிறகு 3310 வாங்கிக் கட்டைவிரல் காய்த்துப்போக ஆடியவன் நான். சாப்பிடக் கூப்பிட்டால், "இதோ, பாம்பு செத்ததும் வர்றேன்" என்பேன். சனியன் சாகவே சாகாது.

நம்பர் மனப்பாடமெல்லாம் லேண்ட்லைன் காலத்துப் பெருமை. சிம்மில் பெயரை ஏற்றிக்கொடுத்து அந்தப் பழக்கத்துக்குக் குழி தோண்டியதே உங்கள் பட்டன் போன்தான். தப்பான ஆளுக்கு மாலை போடுகிறீர்கள்.

முகம் பார்த்தா பேசினோம்? மிஸ்டு கால் அல்லவா கொடுத்துக்கொண்டிருந்தோம்! ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு என்றால் கீழே இறங்கி வா. எதிராளி தெரியாமல் எடுத்துவிட்டால், "ஏன்டா எடுத்தே?" என்று சண்டை வேறு.

எனக்கும் ஒரு ஏக்கம் உண்டு. இன்பாக்ஸ் நிரம்பினால் திரையில் கடித உறை ஒன்று கண் சிமிட்டும். வெளியே ஒரு செய்தி காத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். யாருடையது என்று தெரியாது. உள்ளே இருப்பதில் ஒன்றை அழித்தால்தான் அது நுழையும். அம்மா முதன்முதலாகத் தானே தட்டி அனுப்பிய செய்தி ஒன்றை வைத்திருந்தேன். ஆங்கில எழுத்தில், இடைவெளி விடத் தெரியாமல், 'சாப்டியாகுடைஎடுத்தியா' என்று ஒரே சரமாக. 'அம்மா' என்று முடிப்பதற்குள் 'm' இருக்கும் 6ஆம் பட்டனை அழுத்தி, அது 'n' ஆகிவிடாமல் ஒரு மூச்சு காத்திருந்து, மறுபடி அழுத்தியிருப்பார். ஒருநாள் உறை சிமிட்டிய அவசரத்தில் அதை அழித்துவிட்டேன். உள்ளே வந்தது ரிங்டோன் விளம்பரம்.

திரும்பலாமா என்றால், எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தப் பழைய போன்களுக்குத் தெரிந்தது 2ஜி நெட்வொர்க் மட்டும்தான்; சிங்கப்பூரில் 2017லேயே அதை நிறுத்திவிட்டார்கள். 3310 அங்கே பேப்பர் வெயிட்தான். 2ஜி இருக்கிற ஊரிலும் கேள்வியைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆங்கில எழுத்தென்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 கொள்ளும். தமிழுக்கு 70 இடம்தான், புள்ளிக்கும் கொம்புக்கும் தனி இடம். 'வணக்கம்' ஏழு இடம் பிடிக்கும். பத்து வணக்கம் போட்டால் செய்தி தீர்ந்தது.

நீங்களோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்கள், இரவு 1.40க்கு. இரண்டு நிமிடம் கழித்து, "நீல டிக் வந்துடுச்சே, பதில் காணோமே சார்?" என்று இன்னொன்று. நானும் முழித்துக்கொண்டுதான் இருந்தேன், அது வேறு விஷயம்.