அரைப்பேர்

அன்புள்ள ஐயா,

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வயது 29. கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தாத்தா, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இரு நாடுகளுக்கும் பிரித்த 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தத்தின்படி, கண்டிச் சீமை என்று நாங்கள் சொல்லும் இலங்கை மலைநாட்டிலிருந்து வந்தவர். இன்றும் பஸ்ஸில் நான்கு வார்த்தை பேசினால் 'சிலோன்காரங்களா?' என்று கேட்கிறார்கள். அப்பா இவ்வாண்டு ஓய்வு பெறுகிறார். தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் கோயம்புத்தூரில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்த நிறுவனம் சென்ற ஆண்டு ஆட்குறைப்பு செய்தபோது என் வேலையும் போயிற்று. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படி இறங்கியபோது, நான் யார் என்று கேட்டால் சொல்வதற்கு எதுவும் இல்லாதவளாகிவிட்டேன்.

சபையில் 'நீ ராஜாவின் பிள்ளை, உன் அடையாளம் கிறிஸ்துவுக்குள் இருக்கிறது' என்கிறார்கள். நீங்களும் அவ்வாறு எழுதியிருக்கிறீர்கள். பட்டா இல்லாத, சாதிச் சான்றிதழுக்கு அலைகிற எங்களிடம் மட்டும் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்? கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் கொடுக்கப்படும் ஆறுதலா இது? இது உண்மை என்றால் எனக்கு இரவில் ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறது? பயப்படுவதே அவிசுவாசம் என்று ஒரு ஜெபக்கூட்டத்தில் சொன்னார்கள்.

ஒரு வாசகி,
கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

நானும் உங்கள் தாத்தாவைப் போல அந்த ஒப்பந்தத்தின்படி கப்பலில் வந்தவன். 1973-இல், எட்டு வயதில், தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாட்கள் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். ஆகவே உங்கள் கேள்விக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் பதில் சொல்ல என்னால் இயலாது.

என் தாயார் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். அங்கே 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் கணக்கெடுக்கும்போது கூப்பிடுவதும் பேர். அன்றைய வேலைக்குச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பதியப்படும் கூலிக் கணக்கும் பேர். கொழுந்தின் நிறை குறைந்துவிட்டால் அன்றைக்கு 'அரைப்பேர்' என்று எழுதிவிடுவார்கள். நான் வயிற்றில் இருந்த மாதங்களில் பெரும்பாலும் தமக்கு அரைப்பேர்தான் விழுந்தது என்று அம்மா சொல்லியிருக்கிறார். கூலி பாதியானதைவிட அந்தச் சொல்தான் அவரை வருத்தியது. ஒரு மனுஷிக்கு எப்படி அரைப்பேர் இருக்க முடியும் என்று கேட்பார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

நீங்கள் அந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்ததைப் படித்தபோது அம்மாவின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. நிறைக்கேற்ப பேர் எழுதும் முறை தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. மதிப்பெண், பதவி, மாதச் சம்பளம், திருமணச் சந்தையில் நம்மைப் பற்றிச் சொல்லப்படுவது என எல்லா இடத்திலும் ஒரு தராசு தொங்குகிறது. தட்டில் கொழுந்து இருக்கும் வரையில் நமக்குப் பேர் உண்டு; கொழுந்து குறைந்த நாளில் பேரும் குறைந்துவிடுகிறது. நம்மை எடை போட்டுப் போட்டுப் பழக்கியவர்கள், கடைசியில் அந்தத் தராசை நம் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து ஆண்டுகள் உழைத்த ஒரு பெண், வேலை போன மறுநாளே தன்னை ஒன்றுமில்லாதவளாக எண்ணுவது அதனால்தான்.

ஏசாயாவின் நாற்பத்து மூன்றாம் அதிகாரத்தை அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கேட்டு மனப்பாடம் செய்தது. 'பயப்படாதே, உன்னை மீட்டுக்கொண்டேன், உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்.' நாடிழந்து பாபிலோனில் வாழ்ந்த ஒரு ஜனத்தை நோக்கிச் சொல்லப்பட்ட வார்த்தை இது. அவர்களிடம் நிலம் இல்லை, அரசன் இல்லை, ஆலயமும் இடிந்து கிடந்தது. நிறுத்துப் பார்ப்பதற்கு அவர்கள் தட்டில் எதுவுமே இல்லாத வேளையில் தேவன் அவர்களைப் பேர் சொல்லி அழைக்கிறார். 'பேர்' என்ற சொல் வந்ததும் அம்மாவின் குரல் சற்று மாறும். அது முழுப்பேர்.

இயேசுவின் ஞானஸ்நானத்தைக் கவனித்துப் பாருங்கள். யோர்தானிலிருந்து அவர் கரையேறியபோது, 'இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்' என்று வானத்திலிருந்து ஒரு சத்தம் உண்டாயிற்று. அதுவரையில் அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை, ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. நாசரேத்தில் தச்சு வேலை செய்துகொண்டிருந்தவர். பிரியம் முதலில் வந்தது, ஊழியம் பின்னால் வந்தது. அடுத்து வனாந்தரத்தில் சோதனைக்காரன் சொல்லும் முதல் வாக்கியத்தையும் பாருங்கள்: 'நீர் தேவனுடைய குமாரனேயானால், இந்தக் கல்லுகள் அப்பங்களாகும்படி சொல்லும்.' குமாரன் என்றால் நிறையைக் காட்டு என்பதே அதன் பொருள். தரப்பட்ட பேரைச் சம்பாதித்துக் காட்ட வேண்டிய பேராக மாற்றிவிடுவதுதான் அந்தச் சோதனை. இயேசு அதற்கு இணங்கவில்லை. விசுவாசிகள் சொல்லும் 'கிறிஸ்துவுக்குள் அடையாளம்' என்பதை நான் இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்கிறேன். அவரோடு இணைக்கப்பட்டவர்களுக்கு அவருக்குரிய அந்தப் 'பிரியம்' பங்காகக் கிடைக்கிறது. நாம் எதையும் செய்வதற்கு முன்பே கிடைப்பதால், எதையும் செய்ய முடியாமல் போன நாளிலும் அது குறைவதில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி: வேறொன்றும் இல்லாதவர்களுக்குக் கொடுக்கப்படும் ஆறுதலா இது?

இந்த உபதேசத்தை எழுதி வைத்த பவுல் எல்லாம் இருந்தவர். பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயன், பரிசேயன், அதோடு ரோமக் குடியுரிமை. பிலிப்பியருக்கு எழுதும்போது தம் பிறப்பின் பெருமைகளையும் நியாயப்பிரமாணத்தில் தமக்கிருந்த சிறப்புகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, கிறிஸ்துவுக்காக அவற்றைக் குப்பையாக எண்ணுகிறேன் என்கிறார். ஆகவே இந்த வார்த்தை இல்லாதவர்களைத் தேற்றுகிற அளவுக்கு, இருப்பவர்களின் கையிலிருந்து தராசைப் பிடுங்கவும் செய்கிறது. உங்கள் சபையில் லைன் வீட்டிலிருந்து வருபவர்களிடம் மட்டும் இதைச் சொல்லிவிட்டு, முன்வரிசையில் அமரும் தோட்ட முதலாளியிடம் சொல்லாமல் விட்டால், உங்கள் சந்தேகம் நியாயமானதே. 'யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை' என்று வாசித்துவிட்டுச் சாதி பார்த்துப் பெண் கொடுக்கிற, சாதி பார்த்துக் கல்லறைக்கு இடம் ஒதுக்குகிற சபைகள் நம்மிடையே இருக்கின்றன. அது பாவம். அதை வேறு பெயரால் அழைக்க நான் தயாராக இல்லை.

இந்த அடையாளம் எல்லாருக்கும் எப்போதும் வசதியைக் கொண்டுவந்ததுமில்லை. 1840-களில் இந்த மலையிலுள்ள கேத்தியில், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் ஊழியம் தொடங்கியது. இம்மலையின் படகர் சமூகத்தாரிடையே முதல் ஞானஸ்நானம் நடந்தது 1858-இல்தான். அப்படி வந்த முதல் விசுவாசிகளை ஊரார் ஒதுக்கிவைத்தார்கள். நிலமும் உறவும் மரபும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கிற ஒரு சமூகத்தில் அவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை இந்த மலையில் வாழ்கிற நாம் ஓரளவுக்காவது ஊகிக்க முடியும். விசுவாசித்தால் வேலையும் வீடும் தானாக வரும் என்று மேடையில் சொல்பவர்கள் கேத்திக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

பட்டாவைப் பற்றியும் சான்றிதழைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். 'பரலோகக் குடியுரிமை இருக்கிறதே, காகிதம் எதற்கு?' என்று யாராவது உங்களிடம் சொன்னால் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். காகிதம் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். இலங்கைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. கூலியாட்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியிடம் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இந்தக் கூலியாளை விடுவிப்போம் என்று எழுதப்பட்ட சீட்டு. 1921-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. பிறகு 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் தாத்தாக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரி, சிறிமா என்ற இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பத்தாண்டுகள் தொங்கலில் நின்று, 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டது. எங்கள் குடும்ப அட்டையில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனதைச் சரிசெய்ய அவர் பதினொரு ஆண்டுகள் அலைந்தார். இதையெல்லாம் பார்த்தவன் காகிதத்தை அலட்சியமாகப் பேச முடியாது.

பவுலும் பேசவில்லை. 'நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது' என்று அவர் எழுதியது பிலிப்பி பட்டணத்தாருக்கு. குடியிருப்பு என்று நம் வேதாகமத்தில் உள்ள அந்தச் சொல் கிரேக்கத்தில் குடியுரிமையையும் குறிக்கும். அதே பிலிப்பியில்தான் அவரை விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்டார்கள். மறுநாள் ஓசையில்லாமல் போய்விடும்படி சொன்னபோது அவர் போகவில்லை. நாங்கள் ரோமர்கள், விசாரிக்காமல் வெளியரங்கமாய் எங்களை அடித்தீர்கள், இப்போது நீங்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடுங்கள் என்றார். அதிகாரிகள் வந்து வேண்டிக்கொண்டார்கள். பரலோகத்துக் குடிமகன் என்பதால்தான் அவரால் பூமியின் உரிமையை அவ்வளவு நிமிர்ந்து கேட்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன். அந்த உரிமை பறிபோனாலும் அவர் அழிந்துவிட மாட்டார். ஆகவே அதைக் கெஞ்சிக் கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

சான்றிதழ் விஷயத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவர்களான தலித்துகள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் அந்தப் பட்டியல் திறக்கப்பட்டது, நமக்குத் திறக்கப்படவில்லை. இதைச் சட்டத்தின் வழியில் கேட்பதும் ஊழியந்தான். அதற்காக விசுவாசத்தை மறைத்துக்கொண்டு வாழ நேர்கிறவர்களை நான் குற்றம் சாட்ட மாட்டேன். அந்த மறைப்பு அவர்களுக்குள் எவ்வளவு வலிக்கிறது என்பதை அறிவேன்.

கொலோசெயர் நிருபத்தில் ஒரு வசனம் இருக்கிறது. நமக்கு எதிரான 'கையெழுத்தை' கிறிஸ்து குலைத்து, சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று அது சொல்கிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல் அந்நாளில் கைப்பட எழுதிக் கொடுத்த கடன் பத்திரத்துக்கு வழங்கியது. பாவத்தின் கடனைப் பற்றியே பவுல் எழுதுகிறார் என்பதை அறிவேன். ஆனாலும் அதை வாசிக்கும்போதெல்லாம், என் பாட்டனாரின் துண்டு ஆணியில் தொங்குவதை என்னால் பார்க்காமல் இருக்க முடிந்ததில்லை.

பயத்தைப் பற்றி. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிச் சிறுமியாக இருந்திருப்பீர்கள். மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் எங்கள் சபைக் கூடத்தில் ஒன்பது குடும்பங்கள் தங்கியிருந்தன. முதல் இரவு ஜெபத்தில் ஒருவர் 121-ஆம் சங்கீதத்தைத் தொடங்கினார்: 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்.' தொடர்ந்து வாசிக்க முடியாமல் நின்றுவிட்டார். பர்வதம்தான் எங்கள்மேல் சரிந்துகொண்டிருந்தது. அந்த அமைதிக்குப் பிறகு அடுத்த வசனத்தை இன்னொருவர் வாசித்தார்: 'வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்.' எபிரெய மூலத்தில் முதல் வசனத்தின் பிற்பகுதி ஒரு கேள்வி என்று பிற்பாடு படித்தேன். மலைகளைப் பார்க்கிறேன், எனக்கு உதவி எங்கிருந்து வரும்? பயந்த ஒருவர்தான் அப்படிக் கேட்பார். அந்தக் கேள்வி வேதத்திலேயே இருக்கிறது. அன்றிரவு கூடத்தில் இருந்த எல்லாருக்கும் பயமிருந்தது. ஒருவரும் தனியாக இருக்கவில்லை.

உங்களிடம் பயம் அவிசுவாசம் என்று சொன்னவர், சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனேயை மறந்துவிட்டார். அங்கே இயேசு 'திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்' தொடங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். அந்தத் திகிலின் நடுவே அவர் வாயிலிருந்து வந்த அழைப்பு, 'அப்பா பிதாவே.' புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வரும் இந்த அழைப்பின் மற்ற இரண்டு இடங்களும் பவுல் நம்மைப் பற்றி எழுதியவை: புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்ற நாம் அதே வார்த்தையால் கூப்பிடுகிறோம் என்கிறார். சுவிகாரம் எடுக்கப்பட்ட பிள்ளைக்குரிய சொல், பயந்து நடுங்கிய மகன் இரவில் கூப்பிட்ட சொல்லாகவே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகையால் உங்களுக்கு இரவில் பயம் வருவதை வைத்து நீங்கள் யார் என்பதை முடிவு செய்யாதீர்கள். அந்தப் பயத்தோடு யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். சில இரவுகளில் உங்களால் கூப்பிட முடியாமலும் போகும். அன்றைக்கு உங்களுக்காகக் கூப்பிட இரண்டு பேரையாவது சபையில் தேடிக்கொள்ளுங்கள். எங்கள் கூடத்தில் அடுத்த வசனத்தை வாசித்தவர் செய்தது அதைத்தான்.

தந்தையாரின் வீட்டைப் பற்றி. தாயகம் திரும்பியோர் என்பதற்கான குடும்ப அட்டை தாத்தாவின் பெட்டியில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். அதன் நகலை இணைத்து, வீட்டுமனை கேட்டு வட்டாட்சியருக்கு எழுதும் மனுவின் வரைவை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். எழுத்துப் பிழை ஏதும் இருந்தால் கையெழுத்திடுவதற்கு முன்பே பார்த்துவிடுவோம். உங்கள் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் எல்லாப் பெயர்களும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று போதகரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் அப்பாவின் பெயர் கடைசியில் திருத்தப்பட்டது அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் காட்டித்தான்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
குன்னூரிலிருந்து